வீட்டுச் சொல்

சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று அந்தப் பொட்டலில் இருந்தவர்கள் ஏழு பேர். கட்டடம் வரைய நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஜெபசீலி, குடிவரப் போகும் வீட்டாருக்காகப் பேச நின்ற சென்னியப்பன், அவர் மனைவி பாவாயி, மகள் நித்திலா, மகன் கதிர், முறையில் மச்சானான ஆண்டமுத்து, ஆண்டமுத்துவின் மருமகள் செவ்வந்தி. செவ்வந்தியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையைச் சேர்த்தால் எட்டு. பின்னாளில் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

இடம் க.பரமத்திக்கு மேற்கே, மழை மறந்துபோன ஓடைக்கல் பூமி. அந்தக் காலத்துக்குள் தனி வீட்டில் கோடையைக் கடப்பது நடவாத காரியம் ஆகியிருந்தது. ஓட்டு வீடானாலும் காரை வீடானாலும் சித்திரை பிறந்தால் அடுப்புதான். ஏசி வைத்திருந்தவர்கள் வீட்டிலும் கரண்டு நின்ற பகலில் சாவு விழுந்தது. நாற்பது குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே போவது என்ற பேச்சு வந்தபோது முதலில் தலையாட்டியவர் சென்னியப்பன். அவர் ஆட்டியதால் மற்றவர்கள் ஆட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அவர் குடும்பத்து வார்த்தைக்கு அப்படி ஒரு எடை இருந்தது. கோயில் வழக்கானாலும் வரப்பு வழக்கானாலும் அந்த வீட்டுப் பெரியவர் ஒன்று சொல்லிவிட்டால் சாட்சி தேடுவதில்லை. பொய் சொல்வது அங்கே வழக்கமில்லை. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, எல்லோருக்கும் தெரிந்தது.

ஜெபசீலி தாளில் வரைந்து காட்டும் ரகமில்லை. வீட்டை முழு அளவில் தரையில் கோடு போட்டு, வாழப் போகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டாள். எங்கே இடிக்கிறது, யார் கண்ணிலும் படாமல் குளியலறைக்குப் போக முடிகிறதா என்று அவர்களே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பிடிக்காத கோட்டைக் காலால் அழித்துவிடலாம்.

"அம்மா, நீ இப்ப அடுப்பு மேல நிக்கறே" என்றாள் நித்திலா.

பாவாயி பதறி விலகினாள். "இதென்ன இத்தனூண்டு அடுப்படி. நான் திரும்புனா கொடம் திரும்பாதே."

"அழிச்சிருங்கம்மா. பெருசாப் போடுவோம்" என்றாள் ஜெபசீலி.

ஆண்டமுத்து நடுச்சுவர்க் கோட்டின் மேல் நின்றார். "இந்தச் செவுத்த மட்டும் நல்லா மொத்தமாப் போடுங்க அம்மிணி. எங்க மச்சான் கொறட்ட இந்தப் பக்கம் வரக்கூடாது."

"உங்க கொறட்டைக்குள்ள அது எங்க மாமா கேக்கப் போவுது" என்றாள் நித்திலா. செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஆனால் மகள் பேச்சில் அவருக்கு ஒரு ரகசியப் பூரிப்பு உண்டு. அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

ஜெபசீலி கட்டடம் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாள். உச்சியில் ஒரு காற்றுக்கூண்டு. இரவுக் காற்றைப் பிடித்துப் பூமிக்கடியில் இருக்கும் கல் கிடங்குக்குள் அனுப்பும். கல் குளிர்ந்துவிடும். பகலில் அந்தக் குளிரை எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

"காத்தே வீசாத ராத்திரி?" என்று கேட்டார் ஆண்டமுத்து.

"அன்னைக்கு இருக்கத ஆளுக்கு ஏத்தாப்ல பங்கு வைக்கணும். ஆளில்லாத அறைய மூடிட்டு, மத்த அறைச் சூட்டயெல்லாம் அதுக்குள்ள தள்ளிரும். சூடு எங்கயாவது போய்த்தான ஆவணும்."

"ஆள் இருக்குதா இல்லையான்னு செவுத்துக்கு எப்படித் தெரியும்?" இதைக் கேட்டவர் சென்னியப்பன்.

"மூச்சு வச்சுதான் ஐயா. செவுத்துல பொட்டு மாதிரி ஒண்ணு இருக்கும். அறையில எத்தன பேர் மூச்சு விடுதாங்கன்னு கண்டுபுடிச்சிரும்."

சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார்.

"என்ற ஊட்ல எந்த அறைக்குள்ள எத்தன மூச்சு போவுதுன்னு செவுரு கணக்கெடுக்கோணுமா."

"அது யாருகிட்டயும் சொல்லாது ஐயா."

"சொல்லுதா சொல்லலையாங்கறது இல்லீங்க பேச்சு. எங்க ஊட்ல எத்தன பேருன்னு நான் சொல்றேன். அதுக்கு மேல ஒரு பொட்டு வேண்டாம்."

"பெரியப்பா சொல்றது நெசமுங்க" என்றாள் செவ்வந்தி, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "பெத்தவ ஒருத்தி கதவச் சாத்திட்டு உக்காந்தாக்கூட செவுரு பாத்துட்டே இருக்குமாக்கும்?"

பாவாயியும் அதையே சொன்னாள். ஜெபசீலிக்குப் பெண்கள் சொன்னதுதான் உறைத்தது. மக்களுக்கு ஒத்துவராத கட்டடத்தில் எத்தனை குளிர் இருந்தும் பயனில்லை என்பது அவள் கொள்கை. பொட்டு வேண்டாம் என்று முடிவானது. ஒவ்வொரு வீட்டிலும் காலையில் ஒருவர் வாசற்சுவரைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். இடையில் சந்தேகம் வந்தால் கட்டடம் கேட்கலாம். ஆனால் வீட்டார் சொன்ன பதிலைச் சந்தேகப்படக் கூடாது.

"நான் பகல்ல தூங்கிட்டுக் கெடந்தா?" என்றார் ஆண்டமுத்து. "கேட்டது காதுல உழுகலைன்னா என்னைய வேக வெச்சிருமா?"

"பதில் வரலேன்னா ஆள் இருக்குன்னுதான் எடுத்துக்கிடும். பயப்படாதீங்க."

"அதுசரி. நான் பத்துப் பேருன்னு சொல்லிக் குளிரெல்லாம் வாங்கிட்டன்னா?"

அதற்கு வழி சொன்னவரும் சென்னியப்பன்தான். சொன்ன எண்ணிக்கைக்கு வாசலுக்கு மேலே வெளிப்பக்கம் அத்தனை விளக்கு எரியட்டும். குளிர் பொது என்றால் கணக்கும் பொது. போகிறவர் வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

"மறைக்க எங்ககிட்ட என்ன இருக்குது" என்றார்.

*

கட்டடம் நன்றாகவே இருந்தது. குடிவந்த அன்று ஒவ்வொரு வீட்டாரும் சுவரைப் பார்த்துப் பேசித் தங்கள் குரலைப் பழக்கினார்கள். முதல் கோடையில் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகச் சாவு விழுந்தபோது நிழற்குடி என்று பெயர் வைத்த அந்தக் கட்டடத்தில் ஒரு கிழவர்கூடப் போகவில்லை. எதிரெதிரே இருந்த அடுப்படிகளிலிருந்து ரசமும் வம்பும் ஒன்றாகக் கைமாறின. சென்னியப்பன் வீட்டு வாசலில் நான்கு விளக்கு எரிந்தது.

அடுத்த தையில் நித்திலாவைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தார். பெரிய இடம். மறுநாள் காலை அவர் வாசற்சுவர் முன்னால் நின்று, "வீட்டாள் மூணு பேரு" என்றார். நான்காவது விளக்கு அணைந்தது. பாவாயி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

"எதுக்கு அழுவறே. குடுத்த பொண்ணு அந்த வீட்டாளு" என்றார். அப்படித்தான் அந்தக் குடும்பத்தில் எப்போதும் எண்ணுவார்கள். கல்யாணமாகிப் போனவள் நல்ல நாளுக்கு வருவாள், சீர் வாங்குவாள், போவாள். எண்ணிக்கையில் வரமாட்டாள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் பங்குனிக் கடைசியில் நித்திலா திரும்பி வந்தாள். எல்லோரும் கதவைச் சாத்தியிருந்த மத்தியானம். முக்காடு போட்டு, வெயிலில் நடந்து, பின்வழியாக வந்தாள். கையில் பை இல்லை. முழங்கைக்கு மேலே பழைய தழும்பும் அதன் மேல் புதுக் காயமும் இருந்தன. பாவாயி மஞ்சள் குழைத்துப் போட்டாள். சென்னியப்பன் காயத்தைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும்.

"நான் திரும்பிப் போவலப்பா" என்றாள்.

கதிருக்கு வெள்ளகோவிலில் பெண் பேசி முடியும் தறுவாய். பெண்ணின் அப்பா பொன்னுரங்கத்துக்குக் காங்கேயத்தில் பாதிப் பேர் உறவு. மூத்தவள் கணவனை விட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். கதிர் அந்தப் பெண்ணை ஆசைப்பட்டுத்தான் கேட்டிருந்தான்.

அப்பா மனதில் ஓடியதை நித்திலாவே சொன்னாள். "தம்பி கல்யாணம் முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் நான் யாரு கண்ணுலயும் படமாட்டேன். முடிஞ்ச அன்னைக்கு நானே வாசல்ல வந்து நிக்கறேன்."

"பின்னறைல இருந்துக்கோ" என்றார் அவர்.

மறுநாள் காலையும் "வீட்டாள் மூணு பேரு" என்றார். அது பொய்யாகாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவள் காங்கேயத்து வீட்டாள்.

பின்னறை சாமான் போடும் அறை, குளிர் வராது. அதனால் உச்சி நேரத்தில் கதவுகளைச் சாத்திவிட்டு நால்வரும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மூன்று பேருக்கு விட்ட குளிர் நான்கு பேருக்குக் காணாது. சென்னியப்பன் எதுவும் சொல்லாமல் தன் நாற்காலியைக் காற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளிப் போட்டுக்கொள்வார். அந்த இடத்தில் பாயை விரித்து நித்திலா படுப்பாள். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும்.

"அப்பா, நான் இந்த ஊட்டு ஆவியாட்டம்" என்றாள் ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டே. "சோறு மட்டும் திங்கற ஆவி."

"பேசாம படு அம்மிணி."

பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்குக் கண் இல்லாமல் இல்லை. ஒரு சாயங்காலம் முற்றத்தில் ஆண்டமுத்து விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். "என்னுங் மச்சான், வெளக்கு மூணு எரியுது. கயித்துல காயறது நாலு பேரு துணியாட்டம் இருக்குது."

"எண்ணிச் சொல்றது என்ற சோலி. உங்களுக்கு என்ன மச்சான் அதுல" என்றார் சென்னியப்பன். குரலை உயர்த்தவில்லை. ஆண்டமுத்து தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அந்தக் குரலுக்கு மேல் கேட்பது அங்கே யாருக்கும் வழக்கமில்லை.

*

பொன்னுரங்கமும் அவர் மனைவி தாமரையும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாளுக்கு முந்திய சில இரவுகளாகக் காற்று அடிக்கவே இல்லை. அன்று காலை கிடங்கில் குளிர் அடிமட்டத்தில் இருப்பதாகக் கட்டடம் எல்லா வீட்டிலும் அறிவித்தது. வெயில் ஏறுவதற்குள் அனுப்பிவிடலாம் என்றுதான் சென்னியப்பன் நினைத்தார். வாசற்சுவரிடம், "வீட்டாள் மூணு, ஒறம்பரை ரெண்டு" என்று வரப்போகும் விருந்தாளிகளையும் சேர்த்துச் சொன்னார். ஐந்து விளக்கு எரிந்தது. நித்திலா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்ல மனிதர்கள். ஆனால் பேச்சுக்காரர்கள். முகூர்த்தம் வைகாசியிலா ஆனியிலா, பந்தல் முற்றத்திலேயே போடலாமா என்று பேசப் பேச நேரம் போயிற்று. பொன்னுரங்கம் எழுந்து துண்டை உதறியபோது அபாயச் சங்கு ஊதியது. வெளிக்கதவு தானாக மூடிக்கொண்டது. வெளியே நின்றால் ஆள் சாய்ந்துவிடும் வெக்கை என்று கட்டடம் கணக்கிட்டால், பொழுது இறங்கும்வரை அது திறக்காது. அதுவும் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான்.

"ஆனது ஆச்சு, சாப்புட்டே போறோமுங்க" என்று பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்.

கூடத்தில் வேர்க்க ஆரம்பித்தது. பாவாயி மோர் கொடுத்தாள். அவள் கண் அடிக்கடி பின்பக்கம் போனது. ஒருதரம் அடுப்படிக்குப் போவதுபோல் போய்ப் பின்னறைக் கதவைத் தொட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்மா. போ. பேச்சுக் கேக்குது" என்று உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

பாவாயி கூடத்துக்குத் திரும்பிய நேரம் தாமரை கேட்டாள். "உங்க மக காங்கேயத்துல சௌக்கியமா இருக்குதுங்களாக்கா? எங்க சித்தப்பா ஊடு அவங்க தெருவுலதான். அடுத்த மாசம் போறப்ப ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு இருக்கறனுங்க."

பாவாயியை முந்திக்கொண்டு சென்னியப்பன் சொன்னார்: "குடுத்த எடம் பெரிய எடமுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு சாமான் அலமாரியும் ஒரு மெல்லிய கதவும்தான். கூடத்தில் பேசுவது பின்னறையில் கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் சுவர் பேசியது. செய்தி வாசிப்பதுபோல் தெளிவான, நிதானமான குரல்.

"கிடங்கில் குளிர் போதவில்லை. பயன்படாத அறைகள் மூடப்படுகின்றன. இந்த வீட்டின் பின்னறையில் ஆள் உண்டா?"

பொன்னுரங்கம் சுவரை வேடிக்கை பார்த்தார். கதிர் தலையைக் குனிந்துகொண்டான். பாவாயி கணவர் முகத்தையே பார்த்தாள்.

இந்தக் கேள்வி காலைக் கேள்வி போன்றதல்ல. வீட்டாள் எத்தனை என்று கேட்டால் அவருக்குப் பதில் இருந்தது. உள்ளே ஒரு உயிர் இருக்கிறதா என்று கேட்டால் உண்டு என்பதுதான் பதில். உண்டு என்றால் ஒறம்பரை திரும்பிப் பார்ப்பார்கள். இல்லை என்றால் பொய். மகளை வைத்துக்கொண்டு மகள் இல்லை என்று சொல்ல அவர் நாக்கு எழாது. சுண்ணாம்புக் கோட்டின் நடுவே நின்று ஜெபசீலி சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. பதில் வராவிட்டால் ஆள் இருப்பதாகத்தான் கட்டடம் எடுத்துக்கொள்ளும்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

சுவர் மறுபடி கேட்டது. அவர் மோர்த் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர் அடங்கிவிட்டது.

"பதில் சொல்லோணும் போல இருக்குதுங்களே" என்றார் பொன்னுரங்கம்.

"அது அப்படித்தானுங்க, கேட்டுட்டே கெடக்கும்" என்றார் சென்னியப்பன். வேறு பேச்சுக்குத் திருப்பினார். உள்ளுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியது. மகளையும் காப்பாற்றியாயிற்று, வாக்கையும் காப்பாற்றியாயிற்று.

சற்றைக்கெல்லாம் கூடத்தில் வெக்கை குறைந்தது. துவாரத்திலிருந்து நல்ல குளிர் வந்தது. "அப்பாடா" என்று தாமரை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவாயி எழுந்தாள். சென்னியப்பன் அவளிடம் தாழ்ந்த குரலில், "உக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. அறைய அது மூடாது" என்றார். ஒறம்பரை முன்னால் அதற்கு மேல் விளக்க முடியாது. பாவாயி உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு வார்த்தையும் தவறியதில்லை.

பொழுது இறங்கிச் சங்கு அடங்கியது. கதவு திறந்தது. பொன்னுரங்கம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, ஆனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவர்கள் முற்றத்தைத் தாண்டுவதற்குள் பாவாயி பின்னறைக்கு ஓடினாள்.

கதவுக்குத் தாழ் போட்டிருக்கவில்லை. தள்ளியதும் திறந்தது. உள்ளிருந்து அடுப்பு வாய்போல் அனல் வந்து முகத்தில் அடித்தது. நாற்பது வீட்டுச் சூட்டில் ஒரு பங்கு அந்தச் சின்ன அறைக்குள் இருந்தது. நித்திலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொம்பு காலியாக இருந்தது. துப்பட்டாவை மடித்து வாயில் வைத்துக் கடித்திருந்தாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பாவாயியின் சத்தம் கேட்டு ஒறம்பரை திரும்பி ஓடிவந்தார்கள். சென்னியப்பன் மகளைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, அந்தத் துவாரத்துக்கு நேரே கிடத்தினார். வெகுநேரம் விசிறிக்கொண்டே இருந்தார். ஆண்டமுத்து வந்து அவர் கையிலிருந்த விசிறியை வாங்கினார்.

*

அடக்கம் முடிந்த மறுநாள் தாமரை பாவாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த வெளக்கெல்லாம் ஆளு கணக்காமுங்க. எங்களுக்கு அதுகூடத் தெரியாதுங்கக்கா. சாமி வெளக்குன்னு நெனச்சோம்" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சென்னியப்பன் காதில் அது விழுந்தது.

ஜெபசீலி தகவல் கேட்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். முகம் செத்திருந்தது. சென்னியப்பனைத் தனியாகக் காற்றுக்கூண்டு அடிக்கு அழைத்துப் போனாள்.

"நான் பதிலே சொல்லலம்மா" என்றார் அவர். "பதில் வரலைன்னா மூடாதுன்னு நீதான சொன்னே. உன்ற கட்டடம் என்ற மகளக் கொன்னுருச்சு."

"கூடத்துல பதில் வரல ஐயா. அதனால மூடல. ஆனா..." அவள் பையைத் திறந்தாள். "அதுக்கப்புறம் ஒரு பதில் வந்துருக்கு. உங்க வீட்டுக் குரல்தான். குடிவந்த அன்னைக்குப் பழக்குன குரல்ல ஒண்ணு. வீட்டார் சொன்னத சந்தேகப்படக் கூடாதுன்னு நம்மதான சொல்லி வச்சோம்."

அவள் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டாள். சென்னியப்பன் குனிந்து கேட்டார். ஒரே ஒரு தரம்தான் கேட்டார். பிறகு கூண்டின் கல் தூணைப் பிடித்துக்கொண்டார். ஜெபசீலி அவர் தோளைத் தாங்கப் போனாள், அவர் விலகிக்கொண்டார்.

"இத இன்னொருத்தர் கேக்கக் கூடாது."

"நாளைக்குக் கூட்டத்துல நான் சொல்லித்தான் ஆவணும் ஐயா. என்ன பதில் வந்துதுன்னு."

"என்ன வந்துதுன்னு மட்டும் நீ சொல்லு. மத்தத நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் முற்றத்தில் நாற்பது வீட்டாரும் கூடினார்கள். வந்த பதில் "யாரும் இல்லை" என்பது என்றும், அதை நம்பித்தான் கட்டடம் அறையை மூடியது என்றும் ஜெபசீலி சொன்னாள். யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் எழுந்தார். முதுகு நேராக இருந்தது.

"சொன்னது நான்தான்" என்றார். "ஒறம்பரை முன்னால கௌரவம் போயிருமுன்னு, யாருமில்லைன்னு நான்தான் சொன்னேன். கட்டடத்து மேல தப்பில்லை. வேற யாரு மேலயும் தப்பில்லை."

கதிர் சட்டென்று நிமிர்ந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான். பாவாயி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் அவளிடம் அதற்கு முன் கண்டதில்லை. அதில் கோபம் இல்லை.

ஆண்டமுத்து தட்டுத் தடுமாறிப் பேசினார். "நாலாவது ஆளு ஒண்ணு இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும் மச்சான். எம்மருமகளுக்கும் தெரியும். உங்க சொல்லுக்கு மேல பேசறதெப்படின்னு வாய மூடிட்டு இருந்துட்டோம்." அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பெத்த புள்ளைய... எப்படி மச்சான் வாய் வந்துது."

அன்றே எல்லா அறையிலும் மூச்சு எண்ணும் பொட்டு வைப்பது என்று முடிவெடுத்தார்கள். முதலில் கை தூக்கியவர் சென்னியப்பன். செவ்வந்தி தூக்கத் தயங்கினாள். இனி அறைக்குள் தனியாக அழக்கூட முடியாது என்று மெல்லச் சொன்னாள். பிறகு அவளும் தூக்கினாள். அந்தக் கோடை முடிவதற்குள் பொட்டுகள் வந்துவிட்டன. காலையில் சுவர் முன்னால் நின்று சொல்லும் வழக்கம் நின்றுபோயிற்று. கதிரின் கல்யாணம் நடக்கவில்லை. அவன் தெற்கே வேலை தேடிப் போனான். சென்னியப்பன் அதற்குப் பிறகு எந்த வழக்குக்கும் அழைக்கப்படவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்கமாட்டார். தெருவில் அவரைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நேராக நடந்து போவார். கடைசிவரை அப்படித்தான் நடந்தார்.

சென்னியப்பன் தன் வாயாலேயே மகளை இல்லையென்று சொல்லிக் கொன்றார் என்று பரமத்தி வட்டாரத்தில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. அவர் எதுவும் சொல்லவில்லை. கூடத்தில் பதில் வராததால் சுவர் பின்னறையில் தணிந்த குரலில் அதே கேள்வியைக் கேட்டது. "இங்க யாரும் இல்லீங்க" என்று பதில் சொன்னவள் நித்திலா.